பழந்துணியும் புதுமகவும்

ஆட்டுக்குட்டி உரோமத்தோடு பிறக்கிறது. கோழிக்குஞ்சு தூவியோடு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. மனித மகவோ, பிறர் கை நீட்டிப் போர்த்தினாலன்றிக் குளிரைத் தாங்காது. ஆகவே, உலகிற்கு வந்த உயிரை நாம் வரவேற்கும் முதற்செயல் துணி போர்த்துவதாகவே இருக்கிறது. பெயர் சூட்டுவதும் உறவுமுறை சொல்லி அழைப்பதும் அதன் பின்னரே.

அந்த முதல் துணிக்கு நம் தமிழ் இல்லங்கள் எதைத் தேர்ந்துகொண்டன? பாட்டியின் வெளுத்துப்போன நூற்சேலையை. தாத்தாவின் நைந்த வேட்டியை. பெயர் சூட்டும் நாள்வரை குழந்தைக்குப் புத்தாடை அணிவிக்காத வீடுகள் பல. தூளி கட்டவும் தாயின் பழஞ்சேலைதான். அத்தகைய பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலநிறத் துணுக்குகளை ஒட்டி, விளிம்பு மடித்துத் தைத்த சிறு விரிப்பே குழந்தையின் மெத்தையாகவும் போர்வையாகவும் ஆயிற்று.

இங்கே நம் சிந்தைக்கு ஒரு வினா எழுகிறது. மணமக்களுக்குக் கோடித்துணி எடுக்கிறோம். பெருவிழாவுக்குப் புத்தாடை வாங்குகிறோம். இறந்தவர்மீது போர்த்துவதும் கோடித்துணியே. வாழ்ந்து முடித்தவருக்குப் புதியது, வாழ வந்தவருக்குப் பழையதா? இது முறையா? வறுமை நமக்குக் கற்றுத்தந்த ஒரு பழக்கத்தை மரபு என்று பெயரிட்டு மறைத்துக்கொண்டோமா? அல்லது அதற்குள் நாம் இழந்துவிடக்கூடாத ஓர் அறம் இருக்கிறதா?

இவ்வினாவை நெசவாளர் வாழும் ஓர் ஊரில் நின்று கேட்பதே நேர்மை. பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்வோம். திருத்தணிக்கு வடமேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையில், ஆந்திரத்தின் நகரிக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் அண்மையில் அமைந்த ஊர் அது. அப்பக்கத்துத் தெருக்களில் தறியோசை கேட்கிறது. ஒருகாலத்தில் கைத்தறி, பின்னர் பெரும்பாலும் விசைத்தறி. சித்தூர் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று, எல்லைப் போராட்டத்தின் பயனாக, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியது, வீடுகளுக்குள் பேசப்படும் மொழிகள் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் இன்றும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. பழந்துணிகளை அடுக்கித் தைத்த விரிப்பைத் தெலுங்கில் 'பொந்த' என்பர். கன்னடர் அதனைக் 'கவுதி' என்பர். மராட்டியர் 'கோதடி' என்பர். வங்கத்தார் 'காந்தா' என்பர். வங்கச் சொல்லும் நம் 'கந்தை'யும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வடமொழியிலும் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட உடையைக் குறிக்கும். ஏழைகளின் கண்டுபிடிப்புகளுக்கு எல்லைக்கோடு இல்லை போலும்.

அதைச் செய்யும் முறை எளிது. நைந்த சேலையை நாலாகவோ எட்டாகவோ மடித்து நடுவில் வைப்பர். கிழிசல் விழாத பகுதியை மேலும் கீழுமாகக் கொள்வர். தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகளையோ, வீட்டாரின் பழைய உடைகளில் நிறம் மங்காத பாகங்களையோ கத்தரித்து மேலே பரப்புவர். பிறகு நீண்ட ஊசியில் நூலைக் கோத்து, ஓட்டுத் தையலாக, வரிவரியாக, எல்லா அடுக்குகளையும் ஊடுருவித் தைப்பர். அத்தையல் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. வரிகள் நெருங்கியிருந்தால்தான் துவைக்கும்போது உள்ளிருக்கும் துணி சுருண்டு ஒரு மூலையில் திரளாது. ஒரு சிறு விரிப்புக்கு ஆயிரக்கணக்கான முறை ஊசி ஏறி இறங்க வேண்டும். பேறுகாலத்தை எதிர்நோக்கும் வீட்டில் அவ்வேலை வாரக்கணக்கில் நீளும்.

பழந்துணியைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் மென்மை. புதுத்துணியில் கஞ்சி இருக்கும். சாயத்தின் மிச்சம் இருக்கும். நூலின் முறுக்கு தளர்ந்திராது. பலநூறு முறை நீரில் அலசி, கல்லில் அடித்து, வெயிலில் உலர்ந்த பருத்தியோ பச்சிளம் தோலை உறுத்துவதில்லை. ஈரத்தையும் விரைந்து உறிஞ்சுகிறது. அம்மென்மையைக் கடையில் வாங்க இயலாது. அது ஒருவர் பல ஆண்டுகள் உடுத்தி உழைத்ததால் வந்தது. புதுத்துணியைப் பழையதோடு சேர்ப்பதிலும் ஓர் அறிவு வேண்டும். கழுவிச் சுருங்காத துணியை நைந்த ஆடையில் ஒட்டுப்போட்டால், பின்னர் அது சுருங்கும்போது பழையதையும் இழுத்துக் கிழித்துவிடும் என்பதை நம் ஆண்டவரே ஓர் உவமையாக எடுத்தாண்டார். ஊசியும் நூலும் புழங்கிய ஏழை இல்லத்தின் அறிவு அது. ஆதலால் அனுபவமுள்ள கைகள் புதுத்துண்டுகளை முதலில் நனைத்து உலர்த்திய பிறகே பழையதோடு சேர்க்கின்றன. புதியது பழையதோடு வாழ வேண்டுமாயின் முதலில் சற்றே சுருங்கக் கற்க வேண்டும். குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. சீன நாட்டில் 'நூறு குடும்பத்து ஆடை' என்றொரு வழக்கம் இருந்தது. குழந்தை நெடிது வாழவேண்டி, பெற்றோர் அண்டை அயலில் வீடுவீடாகச் சென்று துணித்துண்டு கேட்டு வாங்கி, அவற்றை இணைத்து அதற்கு உடை தைத்தனர். வசதி இருந்தவர்களும் கேட்டனர் என்பதே இதில் கருதத்தக்கது. துணி வாங்கப் பணமில்லாமல் அவர்கள் கை நீட்டவில்லை. தம் பிள்ளையின் வாழ்வில் ஊராருக்குப் பங்கு வேண்டும் என்பதற்காகவே கை நீட்டினர்.

பீகாரின் முசாபர்பூர்ப் பக்கத்தில் 'சுஜனி' என்னும் விரிப்பு உண்டு. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் பொதிவதற்கென்றே தைக்கப்பட்டது அது. சிதறிய துண்டுகள் ஒன்றாகி முழுமையடைகின்றன என்ற எண்ணத்தில், கந்தல்களின் அன்னை என்று ஒரு தெய்வத்தை அப்பெண்கள் நினைவுகூர்ந்தனர். இக்கைவினை 2006-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இன மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. இந்துக்களும் இசுலாமியரும் உண்டு. அவர்கள்தம் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணி விரிப்பு விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வளர்கிறது. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணி ஒன்றை வைத்துத் தைப்பர். அதற்குப் பூ என்று பெயர். அந்தப் பூ இல்லாத விரிப்பு ஆடையற்றது போன்றது என்பர். குளிர் காக்க அப்பூ தேவையில்லை. உயிர் பிழைத்தாலே போதும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு மக்கள்கூட்டம், தேவைக்கு மேற்பட்ட அந்தச் சிறு மடிப்பைக் கைவிடவில்லை. அவர்கள் தன்மானம் அம்மூலைகளில் தைக்கப்பட்டிருக்கிறது.

இவை எல்லாம் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. எவரும் புதிதாகத் தொடங்குவதில்லை. நாம் பேசும் மொழி பிறர் பேசித் தேய்ந்தது. நடக்கும் பாதை பிறர் காலடியில் உருவானது. புதுப்பொருள்கள் சூழ வளரும் குழந்தைக்குத் தன்னிலிருந்தே உலகம் தொடங்குகிறது என்ற மயக்கம் எளிதில் வரும். பழந்துணியில் கிடக்கும் குழந்தையோ, தனக்கு முன்னே உழைத்தவர்களின் மேல் கிடக்கிறது. அதை அது அறியாது. ஆனால் அதனை அங்கே கிடத்தியவர்கள் அறிவார்கள். நாளை அதனை வளர்க்கப்போகிறவர்கள் அவர்களே.

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் உண்மையாக இராது.

ஏனெனில் பள்ளிப்பட்டின் தறியோசை நம்மை வேறொன்று கேட்கிறது. கூலிக்கு நெய்பவருக்கு நூல் வேறொருவரிடமிருந்து வருகிறது. நெய்த துணி வேறொருவரிடம் போகிறது. பாவும் அவருடையதன்று, துணியும் அவருடையதன்று; இடையில் நின்ற உழைப்பு மட்டுமே அவருடையது. நாளெல்லாம் புதுத்துணி அவர் கை வழியே ஓடுகிறது. அவர் பிள்ளை பழந்துணியில் படுத்திருக்கிறது. அந்த வீட்டின் வாயிலில் நின்றுகொண்டு, 'ஆகா, எத்தகைய மரபு! எத்தகைய எளிமை!' என்று வியக்க நமக்கு உரிமை உண்டா? புதுத்துணி வாங்கும் ஆற்றல் இருந்தும் பழையதைத் தேர்வது ஒன்று. வேறு வழியின்றிப் பழையதில் ஒடுங்குவது வேறொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே விரிப்பாகவே தெரிகின்றன. அறத்தின் தராசில் அவை ஒன்றல்ல.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்றொரு சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தேய்ந்த வேலையுடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். சுவர் இடுக்குகளில் புகும் குளிரிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே தைத்தனர். 2002-ஆம் ஆண்டில் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கிலும் சுவரில் தொங்கின. மக்கள் திரண்டு வந்து வியந்தனர். 2006-ஆம் ஆண்டில் அவை அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. அப்பெண்களின் கலைக்கு அந்தச் சிறப்பு தகும். அதில் ஐயமில்லை. ஆயினும் போர்வையின் அழகைக் கண்டவர்கள், அதைத் தைக்க வைத்த குளிரையும் கண்டார்களா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஏழையின் கைத்திறனைப் புகழ்ந்து, ஏழ்மையைக் கேள்வி கேட்காமல் விடுவது நயமான ஒரு கொடுமை.

அப்படியானால் பழந்துணியை வெறுத்து ஒதுக்குவதா? இல்லை. நீதி தர வேண்டியது எது, அன்பு மட்டுமே தரக்கூடியது எது என்று பிரித்தறிவதே நாம் செய்ய வேண்டுவது.

பின்லாந்து அரசு 1938-ஆம் ஆண்டில், வருவாய் குறைந்த தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிமணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை வழங்கத் தொடங்கியது. 1949-ஆம் ஆண்டில் அது எல்லாத் தாய்மார்களுக்கும் உரியதாயிற்று. செல்வர் வீட்டுக்கும் அதே பெட்டி, தொழிலாளி வீட்டுக்கும் அதே பெட்டி. நம் தமிழக அரசும் 2015-ஆம் ஆண்டில், அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு அடைவோருக்கு 16 பொருள்கள் கொண்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தை அறிமுகம் செய்தது. குழந்தைக்கு விரிப்பும் துண்டும் உடையும் அதில் அடங்கின. இத்தகைய பெட்டிகளில் பாட்டியின் கைச்சூடு இல்லை என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறை பொருந்தாது. ஒரே மாதிரியாக, புதியதாக, எவரிடமும் தலைகுனியாமல் பெறக்கூடியதாக இருப்பதே அப்பெட்டியின் சிறப்பு. நீதி முகம் பார்த்துக் கொடுக்கக்கூடாது. குழந்தை குளிரில் நடுங்காமல் இருப்பது யாருடைய நல்லெண்ணத்தையும் சார்ந்திருக்கக்கூடாது.

அன்பின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. திருவிவிலியத்தில் அன்னாவின் வரலாறு நாம் அறிந்ததே. வேண்டிப் பெற்ற மகன் சாமுவேலை அவர் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்தார். அங்கே சிறுவனுக்கு உணவு இருந்தது; பணிவிடைக்குரிய நார்ப்பட்டு உடையும் இருந்தது. அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. எனினும் ஆண்டுதோறும் அத்தாய் ஒரு சிறு மேலங்கியைத் தைத்து எடுத்துச் சென்றார் என்கிறது அவ்வரலாறு. கண்முன் வளராத மகனின் அளவை அவர் எவ்வாறு அறிந்தார்? கடந்த ஆண்டு கண்டதை நினைவில் வைத்து, இவ்வாண்டு இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்துள் அளந்தே தைத்திருப்பார். தேவைக்காக அன்று, அவனுக்காகத் தைத்தார். அதுவே கொடை.

இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். கூலியைக் குறைத்துவிட்டுப் பண்டிகைக்குப் பழந்துணி கொடுப்பவர், அன்பின் துணியால் நீதியின் கிழிசலை மூடுகிறார். எல்லாவற்றையும் கடையில் வாங்கிக் குவித்துவிட்டு, குழந்தைக்கென ஒரு மாலைப்பொழுதையும் ஒதுக்காதவர், பொருளைக் கொண்டு அன்பின் இடத்தை நிரப்பப் பார்க்கிறார். இரண்டிலும் குழந்தை ஏதோ ஒன்றை இழக்கிறது. இதனைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இந்த ஒட்டுத்துணி விரிப்பு இல்லாவிட்டால் இக்குழந்தை நடுங்குமா? நடுங்கும் என்றால், நாம் முதலில் செய்ய வேண்டியது விரிப்பைப் புகழ்வதன்று, அந்த நடுக்கத்திற்கு ஊரும் நாடும் விடை சொல்லச் செய்வது. நடுங்காது என்றால், அப்போது அவ்விரிப்பு முழுமையான கொடையாகிறது. ஏனெனில் அது இல்லாமலும் வாழமுடிந்த ஒருவருக்கு, வேண்டாதபோதும், ஒருவர் தம் நாள்களைத் தந்திருக்கிறார்.

தந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் பெண். அடுப்படி வேலை முடித்து, தார் சுற்றி முடித்து, பிறர் உறங்கிய பின் ஊசி எடுத்தவர். அவருடைய அன்பைப் போற்றும் நாம் அவருடைய உறக்கத்தைக் கணக்கில் கொண்டோமா? நெசவாளர் வீட்டு ஆண்களின் விரல்கள் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிட வல்லவை. அவ்விரல்களுக்கு ஊசி பிடிப்பது அரிதன்று. தந்தையும் தாத்தாவும் ஆளுக்கு நான்கு வரி தைத்த விரிப்பில் குழந்தை கிடந்தால் அதன் மென்மை குறைந்துவிடாது. ஒருவரின் களைப்பில் விளைந்த கொடையைவிட, பலர் பகிர்ந்த உழைப்பில் விளைந்த கொடை மேலானது.

அன்பு அறிவுக்குச் செவிசாய்க்கவும் வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ, தடித்த மெத்தென்ற விரிப்போ, தலையணையோ இருத்தலாகாது என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். அவை முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும். நம் நாட்டு வெப்பத்தில் உடற்சூட்டையும் அளவுமீறிக் கூட்டக்கூடும். விட்டுப்போன நூலிழை பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தளர்ந்த பொத்தானும் பாசிமணியும் வாய்க்குள் போகும். ஆகவே நாம் தைத்த விரிப்பைக் குழந்தை விழித்திருக்கும் வேளையில், அருகே ஆள் இருக்கத் தரையில் விரிப்போம். குப்புற விழவும் தவழவும் அதன்மேல் பழகட்டும். நூல்முனைகளை உள்ளே செலுத்தி முடிச்சிடுவோம். மணியும் பொத்தானும் வேண்டாம். நன்றாகத் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துவோம். 'எங்கள் காலத்தில் இப்படியா பார்த்தோம்?' என்று சினந்துகொள்ளும் பெரியவர்களிடம் கனிவோடு சொல்ல வேண்டும். தன் கைவேலையைக் காட்டுவதற்காகக் குழந்தையைப் பயன்படுத்துவது அன்பாகாது. குழந்தைக்காகத் தன் கைவேலையைச் சற்றே ஒதுக்கிவைக்க இசைவதே அன்பு.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். வாழ்ந்து முடித்தவருக்குக் கோடித்துணி போர்த்துவது, அவர் இனி நம்மிடம் எதையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்பதால் நாம் காட்டும் இறுதி மதிப்பு. அவர் உடுத்தித் தேய்த்த துணிகளோ வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை என்ன செய்வது? பெட்டியில் பூட்டினால் பூச்சி அரிக்கும். குப்பையில் எறிய மனம் ஒப்பாது. அவற்றைக் கழுவி, நல்ல பாகத்தைக் கத்தரித்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு அடியில் விரிப்பதைவிட முறையான வழி வேறு உண்டோ? போனவரும் வந்தவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. அவர்களிடையே நிற்கும் நாம் ஊசியைப் பிடித்திருக்கிறோம்.

நீதியின் பெட்டியும் ஒருபுறம் இருக்கட்டும். அது ஒவ்வொரு குழந்தைக்கும் தவறாமல் கிடைக்க நாம் குரல் கொடுப்போம். நெய்பவரின் கூலி அவர் பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று கேட்போம். அந்தப் புதுத்துணியின் பக்கத்தில் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றும் கிடக்கட்டும். அது விலைக்கு விற்கத்தக்கதன்று, நெடுநாள் நிலைப்பதுமன்று. இக்குழந்தை வளர்ந்தபின் அடுத்த குழந்தைக்குப் போகும். பிறகு கிழிந்து, வாசற்படியில் கால்துடைக்கும் துணியாகும். அதற்கும் பின் அடுப்புத்துணியாகி மறையும். அதைப் பாதுகாத்து வைக்க வேண்டியதில்லை. அதன் ஏதேனும் ஒரு மூலை இன்னும் உறுதியாக இருந்தால், அதைக் கத்தரித்து அடுத்த விரிப்பில் சேர்ப்போம்.